சூடு இல்லை, மருந்து: கீமோ எடுக்கும் பிள்ளையின் வாய்ப்புண் பற்றி

வாய்ப்புண்ணுக்குச் சூடு என்று பெயர் வைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு. மகனுக்கு அப்போது ஐந்து வயது, எடை 16 கிலோ, ரத்தப் புற்றுநோய். கேஎல்லில் (கோலாலம்பூரில்) கீமோ முடித்து சிலிம் ரிவர் பக்கத்து வீட்டுக்குத் திரும்பி நாலாவது நாள், கீழுதட்டின் உள்பக்கம் சிவந்திருந்தது. தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு வாய்ப்புண் என்றால் சூடுதான். மூன்று கால் சின்னம் போட்ட கூலிங் தண்ணீர், சீனர் மருந்துக்கடையில் விற்கும் தர்பூசணித் தூள், இளநீர், இப்படி ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், எல்லாவற்றையும் வாங்கினேன். ஏழாம் நாள் ராத்திரி அவன் எச்சிலைக்கூட விழுங்கவில்லை. தோளில் கிடந்த துண்டில் வழியவிட்டுக்கொண்டு, வாயை மூடாமல் உட்கார்ந்தே தூங்கினான். காலையில் அந்தத் துண்டைப் பிழிந்தால் சொட்டும், ஓரத்தில் இளஞ்சிவப்பாக ரத்தம். அந்த முறை 11 நாள் வார்டில் கிடந்தோம். செம்பனைக் குலை வெட்டும் கணவருக்கு அத்தனை நாளும் கூலி போச்சு. கடையில் வாங்கிய சாமான், டவுன் கிளினிக், பெட்ரோல், டோல் எல்லாம் சேர்த்து 600 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். அதைவிட உறுத்தியது, புண் ஆறாததால் அடுத்த கீமோ 9 நாள் தள்ளிப்போனது. யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

இது சூடு இல்லை. கீமோ மருந்து வேகமாகப் பிரியும் செல்களைத் தேடி அடிக்கிறது. புற்றுநோய்ச் செல் அப்படிப்பட்டது. வாயின் உள்தோலும் அப்படிப்பட்டதுதான், சில நாளுக்கு ஒரு தடவை பழசு உதிர்ந்து புதுசு வரும். மருந்து புதுசு வருவதை நிறுத்திவிடுகிறது, பழசு மட்டும் உதிர்கிறது, அடியில் இருப்பது பச்சைச் சதையாகத் திறந்துகொள்கிறது. முடி கொட்டுவதும் இதே காரணத்தால்தான். ஆகவே கூலிங் தண்ணீர் குடித்தால் நிற்காது. ஆனால் இதில் ஒரு நல்ல சங்கதி உண்டு: இதற்கு நாள் கணக்கு உண்டு. மருந்து ஏறிய நாளை 1 என்று வைத்தால், 4, 5ஆம் நாளில் சிவக்கும், எரியும். 7 முதல் 10க்குள் புண் உச்சத்துக்குப் போகும். வெள்ளை அணுக் கவுண்ட் ஏறத் தொடங்கும்போது ஆற ஆரம்பித்து இரண்டு, மூன்று வாரத்தில் மூடிவிடும். மருந்துக்கு மருந்து கொஞ்சம் முன்பின் ஆகும். மெத்தோட்ரெக்ஸேட் அதிக அளவில் ஏறினால், டாக்ஸோரூபிசின், சைட்டராபின் போன்றவை ஏறினால் வாய் கட்டாயம் பாடுபடும் என்று நினைத்துத் தயாராக இருங்கள். சமையலறை நாள்காட்டியில் நான் சிவப்புப் பேனாவால் 1, 2, 3 என்று எண் போட ஆரம்பித்தது இரண்டாவது கீமோவில். முதல் கீமோவிலேயே போட்டிருக்கவேண்டும்.

நாள் கணக்கு தெரிந்தால் வேலை சுலபம். புண் வருமுன்னே, முதல் நாளிலிருந்தே வாய் கொப்பளிக்கத் தொடங்கவேண்டும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், அதில் தலை தட்டிய தேக்கரண்டி உப்பு ஒன்று, தலை தட்டிய தேக்கரண்டி சோடா பைகார்பனேட் ஒன்று. அவ்வளவுதான். கடையில் பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள்: "சோடா பிகார்போனாட்" என்று இருக்கவேண்டும். "செர்புக் பெனாயிக்" என்பது கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர், அதில் புளிப்பு உப்பு கலந்திருக்கும், அது வேண்டாம். முதல் தடவை நான் குவித்து இரண்டு கரண்டி உப்பு போட்டுவிட்டேன், உப்புதானே ஆற்றும் என்ற நினைப்பில். பிள்ளை அலறினான், அதற்குப் பிறகு இரண்டு நாள் டம்ளரைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டான். உப்பு அதிகமானால் திறந்த புண்ணிலிருந்து நீரை இழுக்கும், எரியும். சரியான அளவிலும் எரிந்தால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து இளக்குங்கள், அல்லது வார்டில் கிடைக்கும் சலைன் குப்பியைக் கேளுங்கள். இந்தத் தண்ணீர் புண்ணை மாயமாக ஆற்றாது. அழுக்கையும் பிசுபிசுத்த எச்சிலையும் கரைத்து வெளியேற்றும், வாயில் புளிப்பைக் குறைக்கும், ஈரமாக வைக்கும். அதுவே பெரிய விஷயம். மூடிய பாட்டிலில் வைத்து, 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கவேண்டும். நல்ல நாளில் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்குமுன்னும். புண் வந்துவிட்டால் விழித்திருக்கும்வரை இரண்டு மணிக்கு ஒரு தடவை, முப்பது எண்ணும்வரை வாயில் சுழற்றித் துப்பவேண்டும்.

ஐந்து வயதுப் பிள்ளை கொப்பளிக்கத் தெரியாமல் விழுங்கிவிடும். கீமோ இல்லாத வாரத்தில் குளிக்கும்போது பச்சைத் தண்ணீரை வைத்து "மீன் மாதிரித் துப்பு" என்று விளையாட்டாகப் பழக்குங்கள். அதற்கும் சின்னப் பிள்ளை என்றால், தலையை முன்னால் குனியவைத்து 5 மில்லி சிரிஞ்சால் கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விடுங்கள்; தொண்டையை நோக்கி அடித்தால் புரையேறும். கைக்குழந்தை என்றால் சுத்தமான காஸ் துணியை விரலில் சுற்றி, நனைத்து, தொட்டுத் தொட்டு எடுக்கவேண்டும், தேய்க்கக்கூடாது.

பல் துலக்குவதை நிறுத்திவிடலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். நிறுத்தினால் பாக்டீரியா பெருகிப் புண் இன்னும் கெடும். மிக மிருதுவான பிரஷை வெந்நீரில் ஒரு நிமிஷம் ஊறவைத்தால் இன்னும் தளரும். பேஸ்ட்டில் நுரை வரவைக்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாததாகப் பாருங்கள், அதுவும் ஒரு பயறு அளவு போதும். பிளேட்லெட் குறைந்து ஈறில் ரத்தம் வந்தால் அன்றைக்குப் பிரஷை வைத்துவிட்டுக் காஸ் துணி. உதட்டுக்குப் பெட்ரோலியம் ஜெல்லி, அவனுக்கென்று தனி டியூப். டப்பாவில் எல்லாரும் விரல் விட்டு எடுப்பது வேண்டாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எதுவும் வீட்டில் இருந்தால் அவன் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துவிடுங்கள், எரிச்சலோடு வாயை உலர்த்தியும் விடும்.

தினமும் காலையில் டார்ச் அடித்து ஒரே வரிசையில் பாருங்கள்: கீழுதட்டை மடித்து உள்பக்கம், இரண்டு கன்னம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடி. புண் முதலில் வருவது இந்த இடங்களில்தான். வார்டில் பேசும்போது "வாய்ப்புண்" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்குப் போதாது. சிவப்பும் எரிச்சலும் மட்டும் என்றால் 1, புண் இருந்தும் சோறு தின்கிறான் என்றால் 2, நீராகாரம் மட்டும்தான் இறங்குகிறது என்றால் 3, எதுவுமே இறங்கவில்லை என்றால் 4. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இது. போனில் நான் நர்ஸிடம் "மூன்றுக்கு வந்துவிட்டது மிஸ்ஸி" என்று சொன்ன நாளிலிருந்து பதில் வேகமாக வந்தது.

இனி வலி மருந்து. நான் அதிகம் அழுதது இந்த விஷயத்தில்தான், ஏனென்றால் கையில் மருந்தை வைத்துக்கொண்டே கொடுக்காமல் இருந்தேன். வார்டில் மார்ஃபின் சிரப் கொடுத்தனுப்பியிருந்தார்கள். மார்ஃபின் என்றதும் போதை, பழக்கமாகிவிடும், சாகப்போகிறவர்களுக்குக் கொடுப்பது என்று மனசில் ஓடியது. மாமியாரும் "வேண்டாம்மா, பச்சப் புள்ள" என்றார். அடுத்த முறை ஒரு மலாய் மிஸ்ஸிதான் காகிதத்தை எடுத்து எழுதிக் காட்டினார்: "ஜாங்ஙான் துங்கு சாக்கிட்", வலிக்கட்டும் என்று காத்திருக்காதே. வலி உச்சத்துக்குப் போனபின் கொடுக்கும் மருந்து அதை எட்டிப்பிடிப்பது கஷ்டம். புண் வலிக்காகச் சில நாள், டாக்டர் எடைக்கு எழுதிய அளவில் கொடுத்தால் பிள்ளை போதைக்கு அடிமையாவதில்லை; புண் ஆறியதும் அவர்களே படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். எழுதிய நேரப்படி, அழுதாலும் அழாவிட்டாலும் கொடுக்கவேண்டும். வாயால் கொடுத்த மார்ஃபின் அரை மணி வாக்கில் வேலை செய்யத் தொடங்கும். ஆகவே 7 மணிக்கு மருந்து, 7.40க்குக் கஞ்சி. நான் கஞ்சியை ஊட்டிப் பார்த்து, அழுதபின் மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையை மாற்றியதும் அதே கஞ்சி இறங்கியது. மார்ஃபினோடு மலச்சிக்கல் நிச்சயம் வரும், லாக்டுலோஸ் எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். உலுக்கினாலும் எழாத தூக்கம், மெதுவான மூச்சு என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆனால் முதலில் காய்ச்சல் பார்க்கவேண்டும். வெள்ளை அணுக் கவுண்ட் இறங்கிப்போன பிள்ளைக்குக் காய்ச்சல்தான் அபாய மணி, மருந்து அதை அமுக்கிவிடும். அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று எங்களுக்குச் சொன்னார்கள், ஆறு மணிக்கு ஒரு தடவை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை. 16 கிலோவுக்கு 240 மில்லிகிராம். நம் கடைகளில் 5 மில்லிக்கு 120 இருக்கும் சிரப்பும் 250 இருக்கும் சிரப்பும் விற்கிறார்கள். முதலாவதில் 10 மில்லி, இரண்டாவதில் 5 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. பழைய பாட்டில் தீர்ந்து வேறொன்று வாங்கினால் லேபிளை இன்னொரு தடவை படியுங்கள். ஐபூபுரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் கூடாது: பிளேட்லெட் வேலையைக் கெடுக்கும், மெத்தோட்ரெக்ஸேட் உடம்பைவிட்டு வெளியேறுவதையும் தாமதப்படுத்தும். இன்னொன்று, பிள்ளைகள் ஊசிக்குப் பயந்து "வலிக்கல" என்று பொய் சொல்வார்கள். சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம்வரை ஆறு முகம் வரைந்து குளிர்பெட்டியில் ஒட்டினேன். வாயால் சொல்லாததை விரலால் காட்டினான்.

வாயில் தடவும் ஜெல் பற்றிச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் நான் வாங்கிய இரண்டும் தப்பானவை. ஒன்றில் சாலிசிலேட் இருந்தது. அது ஆஸ்பிரின் குடும்பம், பிரிட்டனில் 2009லேயே 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இன்னொன்று மரத்துப்போக வைக்கும் லிக்னோகைன். அது கெட்ட மருந்து இல்லை, வார்டிலேயே சில பிள்ளைகளுக்கு அளந்து கொடுக்கிறார்கள். ஆனால் திறந்த புண் வழியாக ரத்தத்தில் கலக்கும், அதிகமானால் வலிப்பு வரலாம், இதயத்துடிப்பு தடுமாறலாம். தொண்டை மரத்தால் சாப்பாடு புரையேறும், கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. டாக்டர் சொன்ன அளவு, புண்மேல் மட்டும், அதன்பின் ஒரு மணி நேரம் வாயில் சாப்பாடு வைக்கக்கூடாது. மூன்று வயதுக்குள் இருந்தால் நீங்களாகத் தொடவே வேண்டாம். தர்பூசணித் தூளையும் மஞ்சளையும் திறந்த புண்ணில் தூவியதை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.

மணத்தக்காளி பற்றிப் பாட்டிமார்கள் சொல்வதை நான் கேலி செய்யமாட்டேன், நமக்கு வாய்ப்புண் வந்தால் நானும் அதைத்தான் தேங்காய்ப்பாலில் கொதிக்கவைத்துக் குடிப்பேன். ஆனால் வெள்ளை அணு மிகக் குறைந்து, கவுண்ட் 0.5க்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குப் பச்சை இலையை மெல்லக் கொடுக்கக்கூடாது, மண்ணில் இருக்கும் கிருமி நேராகப் புண்ணுக்குள் போகும். பக்கத்து லயத்து அக்கா பறித்து வந்தது தோட்ட வேலி ஓரத்தில். அங்கே களைக்கொல்லி அடிக்காத மாதம் உண்டா? பாராகுவாட்டை 2020இல் தடை செய்துவிட்டார்கள் என்றாலும் மற்றவை அடிக்கிறார்கள்தானே.

சாப்பாட்டில் எனக்கு உதவியது: குழைந்த கஞ்சி, ஆறி அறைச் சூட்டுக்கு வந்தபின், பாலில் ஊறிக் கரைந்த இட்லி, நன்றாக வெந்த முட்டை ஆவிக்கட்டி, வெதுவெதுப்பு ஆறிய மைலோ, வீட்டில் செய்த தாவ் ஃபூ ஃபா (மெத்தென்ற சோயாப்பால் கட்டி). பசார் மாலாமில் (ராத்திரிச் சந்தையில்) விற்பதும் ஐஸ் கச்சாங்கும் வேண்டாம், ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாது. கொதித்தாறிய தண்ணீரில் கொஞ்சம் பேரிக்காய்ச் சாறு கலந்து உறையவைத்த ஐஸ் குச்சியைச் சப்பக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் மரத்துப்போகும், அதுவும் ஒரு வலி மருந்துதான், தண்ணீரும் உள்ளே போகும். அன்னாசி, ஆரஞ்சு, தக்காளி, ரசம், ஊறுகாய், கெரோப்போக், முறுக்கு எல்லாம் விலக்கு. வீட்டில் உறை ஊற்றிய தயிர் வேண்டாம் என்று எங்கள் வார்டில் சொன்னார்கள்; உங்கள் இடத்தில் எப்படி என்று கேளுங்கள். புண் உதட்டில் என்றால் ஸ்ட்ரா உதவும், நாக்குக்குப் பின்னால் என்றால் உதவாது. தண்ணீருக்கு ஒரு கணக்கு உண்டு: முதல் 10 கிலோவுக்கு 1,000 மில்லி, அதற்கு மேல் 20 கிலோ வரை கிலோவுக்கு 50. எங்களவனுக்கு நாளுக்கு 1,300. சிரிஞ்சில் 10 மில்லியாக, ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று என்று கொடுத்தாலும் மணிக்கு 120 ஆகிவிடும். டம்ளரை நீட்டி "குடிய்யா" என்று கெஞ்சுவதைவிட இது நடந்தது.

நாக்கிலும் கன்னத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளை படிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், நிஸ்டாட்டின் கொடுப்பார்கள். சாப்பிட்டு, கொப்பளித்து முடித்தபின் கடைசியாக அதை இரண்டு கன்னத்திலும் பாதிப் பாதியாக விட்டு, கொஞ்சம் வைத்திருந்து விழுங்கவேண்டும். பிறகு அரை மணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம். கிருமி கொல்லும் வாய் கொப்பளிப்பு மருந்தான க்ளோர்ஹெக்ஸிடினும் கொடுத்திருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள், ஒன்றை ஒன்று செயலிழக்கவைக்கும். உதட்டோரத்தில் கொத்தாகக் கொப்புளம் என்றால் ஹெர்பீஸ் வைரஸாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு, படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் 24 மணி நேரம் ஏறும் பிள்ளைகளுக்கு ஒன்று. அது ஏறியபின் கொடுக்கும் லியுக்கோவோரின்தான் வாயைக் காப்பாற்றும் மருந்து. எங்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட் ஏறத் தொடங்கியதிலிருந்து எண்ணி 42ஆம் மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ராத்திரி 2 மணி வேளை என்றாலும் மிஸ்ஸி வராவிட்டால் மணி அடிங்கள். சிறுநீர் புளிப்பாகாமல் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அதனால் அந்த நாட்களில் கோலா கூடாது. டவுன் கிளினிக்கில் வேறு எதற்காவது மருந்து வாங்கினாலும், அது இரைப்பை மாத்திரையாகவோ ஆன்டிபயாட்டிக்காகவோ இருந்தாலும், வார்டைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சில மருந்துகள் மெத்தோட்ரெக்ஸேட்டை உடம்பிலேயே தங்கவைக்கும். லேசர் ஒளிச் சிகிச்சை சில பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு, குறைந்த சக்தி லேசரை வாய்க்குள் காட்டுவார்கள், வலிக்காது. உங்கள் இடத்தில் இருக்கிறதா என்று முதல் கீமோவுக்கு முன்னே கேளுங்கள். சொத்தைப் பல் இருந்தால் அதையும் அப்போதே காட்டிவிடுங்கள்.

38 டிகிரி தொட்டால் நேரம் பார்க்கவேண்டாம், கிளம்புங்கள். திறந்த வாய்ப்புண்தான் கிருமி ரத்தத்துக்குள் நுழையும் கதவு. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கக்கூடாது, ஆசனவாய் மாத்திரையும் கூடாது. எட்டு மணி நேரம் சிறுநீர் வரவில்லை, நிற்காத ரத்தம், எச்சில் விழுங்கமுடியவில்லை என்றாலும் அதே. நாங்கள் கேஎல்லிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஹைவே நெரிசலில் மூன்று மணி நேரம் ஆன நாளும் உண்டு. அதனால் முதலில் வார்டுக்குப் போன், பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொண்டு வரவா, நேராக வரவா என்று கேட்பேன். ஏழாம் நாள் வருமுன்னே காரில் பெட்ரோல் நிரப்பி, டோல் கட்டும் டச் அண்ட் கோ கார்டில் 50 வெள்ளி போட்டு, பையில் கீமோ புத்தகம், மருந்துப் பட்டியல், தெர்மாமீட்டர், இரண்டு துண்டு வைத்துவிடுவேன்.

நாலாவது கீமோவின்போதும் புண் வந்தது, வராமல் போகவில்லை. நாள்காட்டியில் ஒன்பதாம் நாள் கட்டத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: சூடு 37.2. மார்ஃபின் 7.00. கஞ்சி 7.40, ஒன்பது கரண்டி. முகம் மூன்றாவது. சிறுநீர் ஐந்து தடவை. கார்ட்டூன் கேட்டான்.